சென்னகிருஷ்ணன் ஏற்றி எழுதிய இருநூறு ரூபாய்

சென்னகிருஷ்ணனுக்கு மேடையேறிப் பேச வராது. ஆனால் ஆளிடம் வேலை வாங்க வரும். ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். கடைசிப் பன்னிரண்டு வருடம் லைன் லீடர். அவர் லைனில் பதினெட்டுப் பேர். தமிழ்க்காரரிடம் தமிழிலும், ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவரிடம் கன்னடத்திலும், பாகலூர்க்காரரிடம் தெலுங்கிலும், ஒடிசாக்காரர்களிடம் கையாலும் கண்ணாலும் பேசி, எட்டு மணி நேரத்தில் சொன்ன எண்ணிக்கையை எடுத்துக் காட்டிவிடுவார். "சென்னகிருஷ்ணன் லைனா, விடு, அது ஓடிக்கும்" என்று மேனேஜரே சொல்வார். இந்த நல்ல பெயர்தான் அவரைச் சபையில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு இவருக்குக் கிறிஸ்தவச் சபையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர் பிறந்தது உத்தனப்பள்ளியில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில். கட்டிய மனைவி சுகுணா சபைக் குடும்பத்துப் பெண். முதல் இரண்டு வருடம் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடம் மழைக்கு உள்ளே ஒதுங்கினார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழிவுநீரால் நுரை பொங்கும் கெலவரப்பள்ளி அணையில், நுரை குறைந்த ஒரு நாளாகப் பார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயரை மாற்றவில்லை. அந்தச் சபையில் பாதிப் பேர் அப்படித்தான். ஆதார் அட்டைக்கும் பேங்க் பாஸ்புக்குக்கும் பதில் சொல்லி மாளாது என்று பாஸ்டரே விட்டுவிட்டார்.

சபை கூடுவது ஒரு லேத் பட்டறைக்கு மேலே, தகரம் போட்ட மாடியில். கீழே அவசர ஆர்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும். பாஸ்டர் ராஜ்குமார் குரலைக் கூட்டுவார், கீழே இரும்பு கிறீச்சிடும், இவர் இன்னும் கூட்டுவார். ஆவேசம் வந்தால் ஜெபம் தெலுங்குக்குத் தாவும். அறுபது குடும்பம். எல்லாம் கம்பெனி வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை. அணைக்குப் போகும் ரோட்டில் முப்பதுக்கு நாற்பதில் ஒரு சைட்டை எப்படியோ வாங்கி வைத்திருந்தார்கள். கட்டிடம் எழுப்பத்தான் வழியில்லை. இந்த நிலையில் மாடியின் சொந்தக்காரர், ஒன்றரை வருடத்தில் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கமிட்டி கூடிப் பேசியது. அடுத்த மூன்று வருடத்துக்கு, முப்பத்தாறு மாதமும், ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு தருகிறோம் என்று பொருத்தனை செய்து கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நம்பிக் கட்டிடத்தைத் தொடங்கலாம். சபையாரை அழைத்துக் கேட்பது யார் என்று வந்தபோது, பாஸ்டர் நேராகச் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார்.

"நான் கேட்டா அது பிரசங்கமாப் போயிடும் பிரதர். நீங்க கேட்டீங்கன்னா நம்மள்ள ஒருத்தர் கேக்கறாருன்னு இருக்கும்" என்றார்.

சென்னகிருஷ்ணன் ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் பேச்சை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஜனவரி கடைசி ஞாயிறன்று வேர்த்து விறுவிறுத்து எழுந்து நின்றபோது அந்தத் தாளைப் பையிலேயே மறந்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "சைட்டு வாங்கி நாலு வருசம் ஆவுது. போய்ப் பாத்தன். முள்ளுதான் மொளைச்சிருக்குது. இங்க இருந்து நம்மள எறக்கி விட்டா எங்க போய் உக்காருவம்னு தெரியல. ஒரேயடியாக் குடுங்கன்னு கேக்கல. மூணு வருசம், மாசாமாசம் எவ்ளோ முடியும்னு நீங்களே ரோசனை பண்ணி நீங்களே எழுதுங்க. நூறுன்னாலும் நூறு. எழுதினதைக் குடுத்துடணும், அவ்ளோதான்."

இதைவிட நல்ல பேச்சை அந்த மாடி கேட்டதில்லை என்று பிறகு பலரும் சொன்னார்கள். உண்மைதான். பேச்சோடு அவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கார்டுகளை வாங்கும் மேஜையருகே போய் நின்றுகொண்டார். நின்றதும் உள்ளே இருந்த லைன் லீடர் விழித்துக்கொண்டார். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத காண்ட்ராக்ட் ஆட்கள் மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்ணில் படவில்லை. எழுதின தொகை குறைச்சல் என்பதுதான் பட்டது.

மாதேஸ்வரி கார்டை நீட்டினாள். மத்தூர்ப் பக்கத்துக்காரி, ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மாதம் முந்நூறு என்று எழுதியிருந்தாள்.

"என்னக்கா, முந்நூறா? டார்கெட்டுன்னா கொஞ்சம் எக்கிப் புடிக்கிற மாதிரி இருக்கணுங்க்கா. ஐநூறு போடலாம். ஆண்டவர் குடுப்பாரு."

அவள் கார்டையே பார்த்தாள். "குடுப்பாரா?"

"குடுக்காம எங்க போவாரு."

"செரி தம்பி, நீ சொன்னாப் பாத்துக்கலாம்."

மூன்றை ஐந்தாக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. சென்னகிருஷ்ணன் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, அவள் எழுதிய எண்ணின் மேலேயே அழுத்தித் திருத்தினார். அன்று அப்படி ஒன்பது கார்டுகளில் அவர் பேனா பட்டது. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சபைக்கு நடுவில், கட்டிடத்துக்குக் குறைத்துக்கொள் என்று யார் சொல்வார்கள்?

அதோடும் விடவில்லை. கம்பெனியில் ஒவ்வொரு லைன் தலைப்பிலும் ஒரு போர்டு இருக்கும். இன்றைய இலக்கு இவ்வளவு, எடுத்தது இவ்வளவு. எட்டினால் பச்சை வட்டம், தவறினால் சிவப்பு. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதர். அடுத்த வாரமே ஆறடிக்கு நாலடியில் ஒரு வெள்ளைப் போர்டைச் சுமந்து வந்து சபையின் பக்கச் சுவரில் மாட்டினார். இடப்பக்கம் அறுபது குடும்பத்தின் பெயர், மேலே முப்பத்தாறு மாதம். ஒட்டுவதற்கு இரண்டு தாள் ஸ்டிக்கர், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.

பாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "பேரு போட்டேதான் வெக்கணுமா பிரதர்?"

"எல்லாம் ஓப்பனா இருக்கட்டும் பாஸ்டர். மறைச்சாத்தான் தப்பு வரும்" என்றார் சென்னகிருஷ்ணன். அவர் மனதில் கள்ளம் இல்லை. கம்பெனியில் அந்தப் போர்டு அவரை ஒருநாளும் அவமானப்படுத்தியதில்லை. அதனால் அது யாரை அவமானப்படுத்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் மூன்று மாதம் போர்டு வயல்போலப் பச்சையாக இருந்தது. சைட்டில் முள்ளை வெட்டி, அஸ்திவாரம் தோண்டி, ஜூனில் பேஸ்மட்டம் எழும்பியது. சென்னகிருஷ்ணன் வேலை முடிந்து போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இத்தனை வருடத்தில் அவர் கை வழியாக லட்சக்கணக்கான உதிரிபாகம் போயிருக்கிறது, ஒன்றுகூட எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. இது கண்முன்னால் நிற்கிறது. அவருக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மே மாதத்திலிருந்து சிவப்பு விழ ஆரம்பித்தது. முதலில் திம்மப்பன். ஒரு கிடங்கில் இரவுக் காவல். மகன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்த செலவில் இரண்டு மாதம் கொடுக்க முடியவில்லை. சபையில் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆராதனை நடக்கும்போது கண் பக்கச் சுவருக்குப் போகும், அங்கிருந்து திம்மப்பனுக்குப் போகும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, கண்ணை மூட மட்டும் எங்கே இருக்கிறது? அவர் மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனார். பிறகு காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் எழுந்து போனார். ஆகஸ்டில் வருவதையே நிறுத்திவிட்டார்.

அக்டோபருக்குள் பதிமூன்று பெயர்களுக்கு நேரே சிவப்பு. அதில் மாதேஸ்வரி பெயரும் ஒன்று. ஆகஸ்டிலிருந்து தொடர்ச்சியாகச் சிவப்பு, ஆளையும் காணோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைக்கிற வேலை அந்த மாதங்களில் சீக்கிரமாக முடிந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது சென்னகிருஷ்ணன் அலுத்துக்கொண்டார்.

"எழுதும்போது எல்லாரும் எழுதிடறாங்க. குடுக்கற நேரத்துல ஆளையே காணம். டிசம்பர்ல ரெண்டாம் வருசத்துக்கு அழைப்பு குடுக்கணும், பத்து பர்சென்ட் ஏத்திக் கேக்கலாம்னு கமிட்டில சொல்றாங்க. யாருகிட்டக் கேக்கறது?"

சுகுணா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "கம்பெனில ஒரு மெசினுக்கு செவப்பு விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, போய்ப் பாப்பன். மெயின்டனன்ஸ்காரனக் கூப்புடுவன். என்னா கோளாறுன்னு தெரிஞ்சாத்தான லைன் ஓடும்."

"உக்காந்த எடத்துல இருந்து ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிட்டு இருந்தா?"

"என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"இங்க பதிமூணு செவப்பு ஒட்டி இருக்கீங்க. எத்தினி பேரைப் போய்ப் பாத்தீங்க?"

சென்னகிருஷ்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கம்பெனியில் சிவப்பு விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். சபையில் சிவப்பு விழுந்தவர்களிடமிருந்து நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஸ்டிக்கர்தான். இந்த வித்தியாசம் இத்தனை மாதம் தன் மரமண்டைக்கு ஏறவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மாதேஸ்வரியின் அறைக்குப் போனார். பூட்டியிருந்தது. பக்கத்து அறைப் பெண், அணைப் பக்கம் ரோஜாத் தோட்டத்து கிரீன்ஹவுஸில் வேலை செய்கிறாள் என்று வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டதற்கு, "அங்க என்னிக்குமே லீவு கெடையாதுங்க" என்றாள்.

பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் உச்சி வெயில் வேகவைத்துக்கொண்டிருந்தது. மாதேஸ்வரி கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு, வெட்டிய பூத்தண்டுகளை நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை முள் கீறியிருந்தது. இவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன்னாலேயே இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

"நானே குடுத்தனுப்பலாம்னு இருந்தன் தம்பி. இந்தா ஆயிரத்தி ஐநூறு. மூணு மாசத்துது. இன்னும் ஒரு மாசம் பாக்கி நிக்குது."

சென்னகிருஷ்ணன் கையை நீட்டவில்லை. "அதுக்கு வரலக்கா. நீ எப்பிடி இருக்கறன்னு பாக்க வந்தன்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள், நம்பலாமா என்பதுபோல. பிறகு உட்கார்ந்து மறுபடி பூவைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள். ஜூலையில் காண்ட்ராக்ட் மாறிப்போனதாம். புதிதாக வந்தவர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். அதற்குப்பின் இரண்டு வேலை வந்தது.

"ஒண்ணு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்கு. ரெண்டு வேளை சாப்பாடு, ஞாயித்துக்கெழம லீவு. ஆனா ஏழாயிரந்தான். இன்னொன்னு இது. தெனம் முந்நூத்தி இருவது, சாப்பாடு நம்ம செலவு. ஞாயித்துக்கெழம வரலன்னா ரெண்டு நாள் கூலியப் புடிச்சிடுவாங்க."

"ஹாஸ்டலுக்கே போயிருக்கலாமேக்கா. சபைக்கு வந்துட்டு இருந்திருப்ப."

"கணக்குப் போட்டுப் பாத்தன். வாடகை நாலாயிரம், கரண்டு, மாத்திரை, மவ வீட்டுக்கு ஒரு நடை. எல்லாம் போவ மாசம் முந்நூறு, முந்நூத்தம்பது நிக்கும். முந்நூறுன்னா கட்டியிருப்பன் தம்பி. ஐநூறு முடியல. அதான் இங்க வந்துட்டன்."

சொல்லும்போது அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. அன்றாடச் சமாச்சாரம் போலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள். சென்னகிருஷ்ணன் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டு இவள் வாங்கியிருப்பது மாதம் இருநூறு ரூபாய். அந்த இருநூறை எழுதியது தன் பேனா. சபைக்குக் காணிக்கை கொடுப்பதற்காகச் சபைக்கு வராமல் போன ஒருத்திக்கு, தானே நாலு மாதம் சிவப்பு ஒட்டியிருக்கிறார்.

"அக்கா, அந்த கார்டை விடு. நான் போய் இன்னிக்கே கிழிச்சிப் போட்டுடறன். நீ ஒண்ணும் குடுக்க வேணாம்."

மாதேஸ்வரி கை நின்றது. முதல் முறையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது.

"நீ எதுக்குக் கிழிப்ப? நான் உனக்கா எழுதிக் குடுத்தன்? எங்க ஊர்ல மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டாலே கடன் வெக்க மாட்டாங்க, செத்தாலும் புள்ளைங்க செஞ்சி முடிக்கும். இங்க வந்துட்டு நான் கடனாளியாப் போவனா?"

"அப்ப என்னா பண்றதுன்னு நீயே சொல்லுக்கா."

அவள் யோசித்தாள். பூவைக் கட்டி ரப்பர் மாட்டி ஓரமாக வைத்தாள்.

"முந்நூறு நான் எழுதினது. அது என்னுது. அதுக்கு மேல இருக்கற எரநூறு நீ எழுதினது. அது உன்னுது. நீ கட்டு."

சென்னகிருஷ்ணன் ஆயிரத்து ஐநூறிலிருந்து ஆயிரத்து இருநூறை மட்டும், நாலு மாதத்துக்கான முந்நூறு முந்நூறாக, வாங்கிக்கொண்டார். மீதியை அவள் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டாள். ஹாஸ்டல் வேலைக்கு இப்போது போக முடியாதா என்று கேட்டார். அங்கே வேறு ஆள் வந்து மூன்று மாதம் ஆகிறது என்றாள்.

வீட்டுக்கு வந்து சுகுணாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன் பொறுப்பில் இருந்த கார்டுப் பெட்டியைத் திறந்து இருவருமாகப் பார்த்தார்கள். திருத்திய ஒன்பது கார்டுகளும் தனியாகத் தெரிந்தன. மொத்தம் மாதம் இரண்டாயிரத்து நூறு ரூபாய் அவர் ஏற்றி எழுதியது. மகள் பிரியதர்ஷினி நர்சிங் இரண்டாம் வருடம். பீஸ் கட்டவே முழி பிதுங்கிக்கொண்டிருந்தது.

"ஒம்போது பேருக்கும் நாமளே கட்டணும்னா நடக்கற காரியமா?" என்று தலையில் கை வைத்தார்.

"ஆழந்தெரியாம காலை விட்டாச்சு. இப்ப ஒக்காந்து அழுதா? ஒவ்வொருத்தரையும் போய்க் கேளுங்க, உங்களுது எது, என்னுது எதுன்னு" என்றாள் சுகுணா.

பாஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் இருண்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தூண் எழும்பி நிற்கிறது, கூரைக்குச் சென்டரிங் அடிக்க மேஸ்திரி முன்பணம் கேட்கிறார், மாடியைக் காலி செய்ய எட்டு மாதம்தான் பாக்கி.

"இப்பப் போய் கார்டைக் கொறைச்சிக்கோங்கன்னு சொன்னா, மத்தவங்களும் கொறைச்சிப்பாங்க பிரதர். கம்பி துருப்புடிச்சி நிக்கும். அப்புறம் ஜனங்க நம்மளப் பாத்து சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பாஸ்டர். நான்தான எழுதினன், என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்" என்றார் சென்னகிருஷ்ணன். சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் பயம்தான். கட்டிடம் நின்றுபோனால் அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் முதல் ஞாயிறு. பத்து பர்சென்ட் ஏற்றிக் கேட்க வேண்டிய நாள். திம்மப்பன் வீட்டுக்கு அதற்கு முந்தின நாள் சென்னகிருஷ்ணன் போய் வந்திருந்தார். அதனால் திம்மப்பன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீழே லேத் ஓடவில்லை. சென்னகிருஷ்ணன் எழுந்து நின்றார்.

"போன தடவ நீங்களே எழுதுங்கன்னு சொல்லிட்டு, ஒம்போது கார்டுல நான் கையை வெச்சிட்டன். அது தப்பு. ஏத்தினது நான், செவப்பு ஒட்டினதும் நான். அந்த ஒம்போது பேரும் பழைய தொகையவே குடுத்தாப் போதும். மேல இருக்கறது என் பேர்ல இருக்கட்டும், என்னால எப்ப முடியுதோ அப்பக் கட்டறன். மத்தவங்களும் வீட்டுல போய் ரோசனை பண்ணி, கொறைக்கணும்னா கொறைச்சிக்கோங்க. ஏத்தணும்னா ஏத்துங்க. என்கிட்ட காட்ட வேணாம். பெட்டில போடுங்க."

பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் திம்மப்பன் எழுந்தார்.

"என் கார்டுல நூறு ஏத்தின. அது கெடக்குது, நானே கட்டிக்கறன். எனக்கு அது இல்ல பிரச்சினை." கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "அதைக் கழட்டு."

சென்னகிருஷ்ணன் போய்க் கழற்றினார். ஆறடிப் போர்டு, ஒரு ஆளால் முடியவில்லை. திம்மப்பனே வந்து மறுமுனையைப் பிடித்து இறக்கினார்.

பாஸ்டர் பயந்தது பாதி நடந்தது. பெட்டியில் விழுந்த புதுக் கார்டுகளைக் கூட்டினால் மாதம் ஏழாயிரம் குறைந்திருந்தது. காங்கிரீட் கூரை போய் இரும்புச் சட்டத்தில் ஷீட் போடுவது என்று ஆனது. டைல்ஸ் இல்லை, சிமெண்ட் தரை. சிலருக்கு வருத்தம், ஒரு குடும்பம் வேறு சபைக்கே போய்விட்டது. ஒன்பது பேரில் ஐந்து பேர் ஏற்றினதையும் தாங்களே கட்டுகிறோம் என்றார்கள். மீதி நாலு பேருடையது மாதம் தொள்ளாயிரம் ரூபாய் சென்னகிருஷ்ணன் தலையில் நின்றது. புது பைக் எடுக்கும் யோசனையைக் கைவிட்டார். பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். ரோஜாத் தோட்டத்திலும் கம்பெனிகளிலும் ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்காக, மாலை ஆறு மணிக்கு இன்னொரு ஆராதனை. ஒரே நாளில் இரண்டு முறை கத்த வேண்டுமா என்று பாஸ்டர் சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஜூனில் மாடியைக் காலி செய்துவிட்டுப் புதுக் கூரைக்குக் கீழே வந்தார்கள். சன்னல்களுக்கு இன்னும் கதவு இல்லை. அணைப் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வந்தது. முதல் மாலை ஆராதனைக்கு ஒன்பது பேர். மாதேஸ்வரி தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கையில் புதுக் கீறல். எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து, பாட்டில் சுதி சேராமல், ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். சென்னகிருஷ்ணன் பாட்டை நிறுத்திவிட்டு அவள் பாடுவதைக் கேட்டார்.

முடிந்ததும் அவள் உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் வந்தாள்.

"என்னுது போட்டுட்டன். உன்னுது போட்டயா தம்பி?"

சென்னகிருஷ்ணன் போடவில்லை. அந்த மாதம் பிரியதர்ஷினிக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டியதில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மேனேஜர் முன்னால் எத்தனையோ சிவப்புக்குக் காரணம் சொன்னவர், இவளிடம் நாற்காலிகளைக் கையில் பிடித்தபடியே ஒப்புக்கொண்டார்.

"இந்த மாசம் முடியலக்கா. அடுத்த மாசம் சேத்துப் போட்டுடறன்."

"செரி, முடியறப்பப் போடு" என்றாள் மாதேஸ்வரி. "நான் எங்கயும் ஒட்டி வெக்கப் போறதில்ல."

அவர் கையிலிருந்த நாற்காலிகளில் பாதியை வாங்கிக்கொண்டு போய் மூலையில் அடுக்கினாள்.